காதுக்குப் பின்னால் ஒரு கடிகாரம்

"இன்னாமே, மூளையப் படிக்கப் போறியா? நம்ம ஊர்ல யாரு மூளை ரிப்பேராகி ரோட்ல நிக்குது?"

நரம்பறிவியலில் எம்.எஸ்ஸி. சேரப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று என் அத்தை கேட்டது இது. அப்பாவின் அக்கா. அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. அவருக்குத் தெரிந்த படிப்புகள் மூன்று. "ஒடம்புக்குப் படிச்சா நர்ஸு. கணக்குப் படிச்சா பேங்கு. பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கப் படிச்சா டீச்சரு. மூளைக்குப் படிச்சா உன்ன எங்கமே குந்த வப்பாங்க?"

அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் அதே சந்தேகம், கேட்கத்தான் தைரியம் வரவில்லை. அப்பா மட்டும், "ஆமாமா, சரிதான்" என்றார். அத்தை சொன்னதற்கா, நான் சொன்னதற்கா என்று யாருக்கும் புரியவில்லை. அப்பா எதற்கும் அப்படித்தான் சொல்வார். அதை அன்றைக்கே கவனித்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் மிஷினைப் பிடித்தவர். அவருக்கு எழுத்து தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். லெவல் நம்பர், விளக்கு வாங்கும் டோக்கன் நம்பர், இப்படிப் பூமிக்கு அடியில் கற்றுக்கொண்ட எண்கள். அம்மாவுக்கு இஞ்ச் டேப்பில் உள்ளவை தெரியும். நான் காலேஜுக்கு பெங்களூர் போனது விடியற்கால ரயிலில், பெரும்பாலும் நின்றுகொண்டு. நின்றபடியே படித்து ரேங்க் வாங்கினேன். சேர்ந்து வந்த பெண்கள் தூங்கும்போது என் தோளில் சாய்வார்கள். நான் அசையாமல் பக்கத்தைப் புரட்டக் கற்றுக்கொண்டேன்.

எம்.எஸ்ஸி. முடிந்ததும் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் வேலை கிடைத்தது. வயதாகும்போது மூளையின் வேலை எப்படி மாறுகிறது, யாருக்கு ஞாபகமும் யோசனையும் சீக்கிரம் தளர்கின்றன, தளராமல் இருப்பவர்களை எது காக்கிறது என்பதுதான் குழுவின் கேள்வி. படித்தவர்களை, நகரத்துக்காரர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி உலகத்தில் நிறைய இருக்கிறது. எழுத்தறியாதவர்கள், கையால் உழைத்தவர்கள், ஒரே பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர்கள் ஆகியோரைப் பற்றித் தெரிந்தது குறைவு. அப்படிப்பட்டவர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் கையைத் தூக்கினேன். எங்கள் ஊரில் அவர்களைத் தவிர வேறு யாரும் கிடைக்க மாட்டார்கள் என்றேன்.

அப்படித்தான் எங்கள் ஊரான சாம்பியன் ரீப்ஸில், எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு சமுதாயக் கூடத்தில், வாரத்தில் சில நாள் எங்கள் குழு உட்கார ஆரம்பித்தது. அத்தை ஒருநாள் எட்டிப் பார்த்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "பரவால்ல, குந்த வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் சோதனையில் பேனாவுக்கு வேலை இல்லை. பேச்சும் படங்களும்தான். ஐந்து வார்த்தைகள் சொல்வோம், கொஞ்ச நேரம் வேறு பேச்சு பேசிவிட்டு அந்த ஐந்தையும் திரும்பக் கேட்போம். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகத்தின் பெயர் சொல்ல முடிகிறது என்று பார்ப்போம். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வோம். இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன வேலை உண்டு. வந்தவரை உட்கார வைத்து, அவர் காதுக்குப் பின்னால் விரல்களை உரசுவோம். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். கேட்காதவரிடம் வார்த்தை சொல்லி ஞாபகம் கேட்பதில் அர்த்தமில்லையே.

கூட்டம் வந்தது. பெஞ்சில் வரிசையாக, பழைய ஷிப்ட் மாதிரியே உட்கார்ந்தார்கள். அப்பாவோடு ஒரே மிஷினில் வேலை செய்த மாமா ஒருவர் தினமும் வந்தார். தன் சோதனை முதல் நாளே முடிந்துவிட்டாலும் வந்தார். ஃபேன் காற்றுக்கும் பேச்சுக்கும்தான். அவருடைய முறை வந்தபோது மிருகங்களை வரிசையாகச் சொல்லி, ஆடு மாடு பன்றியெல்லாம் தீர்ந்ததும், "ஷிப்ட் பாஸ சேத்துக்கலாமா?" என்று கேட்டார். சுரங்கத்தில் தங்களை வேலை வாங்கிய மேலாளை நினைத்துப் பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

எல்லாரும் கேட்டது ஒன்றுதான். "ஞாபகத்துக்கு மாத்திரை எப்பமா குடுப்பீங்க?"

மாத்திரை இல்லை என்று சொல்வேன். மூளையைக் காக்க இன்றைக்குத் தெரிந்தவை சாதாரண விஷயங்கள்தான் என்பேன். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டில் வைப்பது, நடப்பது, நல்ல தூக்கம், பீடியை விடுவது, நாலு பேரோடு பேசிப் பழகுவது, கண்ணையும் காதையும் கவனிப்பது.

"இதச் சொல்ல பெங்களூர்லேந்து வரணுமா?" என்றார் மாமா.

"நான் நாலு தெரு தள்ளி இருந்துதான் வரேன், மாமா."

இதே நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு வளர்ந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்ற பேச்சு. அம்மா அடுப்படியிலிருந்து புளி வாங்கி வரச் சொல்வார். அப்பா, "ஆமாமா, சரி" என்பார். வெறும் கையோடு வருவார். காஸ் சிலிண்டர் வரும், வீட்டிலேயே இருங்கள் என்றால் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே போய்விடுவார். பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு அதற்கும் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

வீட்டுப் புளி போகட்டும். அப்பாவுக்கு ஓர் இடம் இருந்தது. சுரங்கம் மூடிய பிறகு பல வருடம் பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். முட்டி விட்டுப்போனதும் அதை நிறுத்தினார். அப்புறம் சாம்பியன் ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் பைக் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. காலையில் பெங்களூர் போகிறவர்கள் வண்டியை விட்டுவிட்டு ஓடுவார்கள், மாலையில் வந்து எடுப்பார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மைன் மூடியதிலிருந்து அப்பாவை நிமிர்ந்து நிற்கப் பார்த்தது அந்த ஸ்டாண்டில்தான்.

அங்கே ஒரு தவறு நடந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஸ்கூட்டியை விட்டு ரயிலுக்கு ஓடும்போது, "என் தம்பி வந்து கேட்டா வண்டி குடுத்துடாதீங்க, அவனுக்கு லைசென்ஸ் இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறாள். அப்பா, "சரிமா, சரிமா" என்றிருக்கிறார். மதியம் தம்பி வந்தான். அப்பா வண்டியைக் கொடுத்தார். அவன் கொண்டுபோய்ச் சாக்கடைச் சுவரில் முட்டினான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டியின் முன்பக்கம் போயிற்று.

ஸ்டாண்டை நடத்துகிறவர் பங்காருபேட்டைக்காரர், தெலுங்கு வீட்டுக்காரர், மரியாதையான மனிதர். வீட்டுக்கே வந்தார். என் பக்கம் திரும்பி, "அண்ணாவ போகச் சொல்ல எனக்கு மனசு இல்லமா. ஆனா மறந்து மறந்து போறாரு. இன்னோர் வாட்டி ஆச்சின்னா நான் இன்னா பண்றது? இந்த மாசம் பாக்கறேன்" என்றார். அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அந்த வாரமே அப்பாவைக் கூடத்துக்கு வரச் சொன்னேன். குடும்பத்து ஆட்களை நாமே சோதிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. என்னோடு வேலை பார்க்கும் பெங்களூர்ப் பெண் சோதித்தாள். மெதுவான குரல் அவளுக்கு. டேப்லட்டில் பதிந்துகொண்டே, குனிந்த தலை நிமிராமல் கேட்பாள். நான் அன்றைக்கு வெளியே நின்றேன். மாமா வழக்கம்போல எதிர் பெஞ்சில் இருந்தார்.

முடிந்ததும் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வீட்டில் சொல்லலாம் என்று அப்பா சம்மதம் கொடுத்திருந்தார்.

"காது ஓகே. ஒவ்வொரு தடவையும் கரெக்டா கை தூக்கினாரு. ஆனா வார்த்தை ரெண்டுதான் வந்துச்சி. கழித்தல்ல கேள்வியையே விட்டுட்டாரு. எல்லாம் குறைச்சலாத்தான் இருக்கு. மெமரி கிளினிக்குக்கு அனுப்பற கேஸ்தான்டி இது."

நான் எத்தனையோ வீட்டுக்கு இந்த வார்த்தையைப் பக்குவமாகச் சொல்லியிருக்கிறேன். சொல்வதற்கு எங்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் சொல்லும்போது ஒரு பயிற்சியும் உதவவில்லை. அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியைப் பாதியில் மடித்து வைத்தார். அத்தை வந்து, "மூளையப் படிச்சே, அது உன் வீட்டுக்கே வந்து குந்திகிச்சி பாத்தியா" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அத்தை அப்படித்தான். திட்டுவதும் அழுவதும் ஒரே மூச்சில் வரும்.

மறுநாள் மாலை ரயில் வரும் நேரத்துக்கு நான் ஸ்டாண்டுக்குப் போனேன். அப்பா இன்னும் எத்தனை நாள் இங்கே நிற்பார் என்ற நினைப்பில்தான் போனேன். ஆராய்ச்சி செய்யும் எண்ணம் எதுவும் இல்லை.

ரயில் நின்றது. கூட்டம் ஸ்டேஷன் வாசலுக்கு வருவதற்குள்ளேயே அப்பா வண்டிகளை வெளியே இழுத்து நிறுத்த ஆரம்பித்தார். முதலில் ஓடி வருகிறவருடைய வண்டி முதலில். பேங்க் சார் எப்போதும் கடைசிப் பெட்டியில் வருவார் என்பதால் அவருடையது பின்னால். ஒருத்தி புது வண்டி வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவள் பழைய வண்டியைத் தேடி நின்றாள், அப்பா புதியதைக் காட்டி, "பழச வித்துட்டியேமா" என்றார். ஒரு வண்டிகூட மாறவில்லை.

எனக்குக் குழப்பமாக இருந்தது. ஞாபகத்தில் பல வகை உண்டு, ஒன்று தளர்ந்து இன்னொன்று நிற்கலாம், அது எனக்குத் தெரியும். பழகிய வேலை கடைசி வரை நிற்கும் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் புது வண்டி பழகிய வேலை இல்லை. இரண்டு நாள் முன்பு நடந்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண், "தாத்தா, காத்து கம்மியா இருக்கு, பம்பு இருக்கா?" என்றாள். அப்பா திரும்பவில்லை. அவள் மறுபடி கேட்டாள். திரும்பவில்லை. அவள் முன்னால் வந்து கேட்டதும் அவள் வாயையே பார்த்தார். உடனே பம்பை எடுத்துக் கொடுத்தார்.

அப்படியானால் காதுச் சோதனையில் எப்படித் தேறினார்? ஒவ்வொரு தடவையும் சரியாகக் கை தூக்கினாரே. விரல் உரசும் சத்தம் கேட்கிறவருக்கு ஒரு பெண் கூப்பிடுவது கேட்காதா?

விடை அடுத்த நாளே கூடத்தில் கிடைத்தது. நான் ஓரமாக உட்கார்ந்து பழைய விவரங்களைப் பதிந்துகொண்டிருந்தேன். அந்தப் பெங்களூர்த் தோழி ஒரு முதியவரின் காதுக்குப் பின்னால் விரல் உரசினாள். அவர் கை தூக்கினார். மறுபடி உரசினாள், தூக்கினார். மூன்றாவது முறை அவள் உரசவில்லை. தாகம் எடுத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். முதியவர் அப்போதும் கை தூக்கினார்.

எதிர் பெஞ்சைப் பார்த்தேன். மாமா தாடையைத் தூக்கிச் சொறிந்துகொண்டிருந்தார்.

"மாமா, இன்னா பண்றீங்க?"

"நானா? சும்மா குந்திகினு கீறேன்."

"தாடைய எதுக்குத் தூக்கனீங்க?"

"கொசுமா."

"எங்க மேடம் விரல ஒரசும்போது மட்டும் வர்ற கொசுவா?"

பெஞ்சில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். இன்னொருவர் ஜன்னலைப் பார்த்தார். முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லா முகத்திலும் ஒரே கள்ளச் சிரிப்பு. எனக்குப் புரிந்துவிட்டது. வாரக் கணக்காக நாங்கள் சோதித்த காதெல்லாம் மாமாவின் தாடைதான்.

"திட்டாதமா, சொல்றேன்" என்றார் மாமா. "மைன்ல வருசா வருசம் மெடிக்கல் வப்பாங்க. டாக்டரு பின்னால நின்னுகினு காதுகிட்ட கடிகாரத்தப் புடிப்பாரு. டிக் டிக்னு கேக்குதான்னு கேப்பாரு. ட்ரில்லு புடிச்சவனுக்கு எங்கேந்து கேக்கும்? கேக்கலன்னா சர்ஃபேஸ்ல தூக்கிப் போட்ருவான். அண்டர்கிரவுண்டு சம்பளம் பூடும். அதனால எதுர வரிசைல நிக்கறவன் தாடையத் தூக்குவான். இவன் கேக்குதுன்னு சொல்லுவான். அப்பால இவன் அவனுக்குத் தூக்குவான். உங்க நைனாவுக்கு நான், எனக்கு உங்க நைனா."

"மைன் மூடி எத்தினி வருசம் ஆச்சி மாமா! இங்க யாரு உங்க சம்பளத்தப் புடிக்கப் போறாங்க?"

மாமா தாடையைத் தடவிக்கொண்டார். "நம்ம ஆளுங்க எதுர குந்தனாங்க, அந்தப் பொண்ணு பின்னால நின்னுச்சி. தாடை தானாப் போய்டுச்சிமா."

தோழி பாட்டிலை மூட மறந்து நின்றாள்.

வீட்டுக்குப் போனேன். அப்பா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று, "நைனா, நெத்திலி வாங்கியாந்திருக்கேன்" என்றேன். நெத்திலிக்குத் திரும்பாத ஆள் எங்கள் வீட்டில் இல்லை. அவர் வெங்காயத்தை உரித்தார். நான் முன்னால் வந்து உட்கார்ந்தேன். குரலே எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்து, "டீ வேணுமா?" என்றேன்.

"கொஞ்சமா குடு" என்றார் அப்பா.

அம்மா மிஷினிலிருந்து எழுந்துவிட்டார். "இன்னாடி, நீ இன்னா கேட்டே? எனக்கு ஒண்ணியும் கேக்கலயே!"

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. வெங்காயத்தைக் கீழே வைத்தார். நான் அவர் முகத்துக்கு நேராக, நிதானமாகப் பேசினேன். காது கேட்கவில்லை என்று ஏன் சொல்லவில்லை, எல்லாரும் மறதி என்று சொல்லும்போது ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன்.

"மறதின்னா வயசாயிடிச்சின்னு வுட்ருவாங்க" என்றார். "செவுடுன்னா சிரிப்பாங்க. கூட்டாளிங்கள்ல ஒருத்தனுக்குச் சுத்தமா கேக்காமப் போச்சி. எல்லாரும் அவனப் பாத்து வாய மட்டும் ஆட்டுவோம், அவன் இன்னான்னு கேப்பான், சிரிப்போம். நானும்தான் சிரிச்சேன்." வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினார். "ஸ்டாண்டுல மட்டும் சொல்லிடாதமா. வண்டி சத்தம் கேக்காதவன எவன் வச்சிப்பான்?"

"மறதின்னாலும்தான் வச்சிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரே நைனா. நீ தலையாட்டிகினு குந்திகினு இருந்தியே, அன்னிக்கு அவரு அதான் சொன்னாரு."

அப்பா என்னையே பார்த்தார். அந்தப் பேச்சு அவர் காதில் விழவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் கோலாரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். எதிரில் யாரும் இல்லை, தாடையும் இல்லை. வெளியே வந்தவர், "மைன்ல எறக்கற கேஜுக்குள்ள நின்ன மாதிரியே இருந்திச்சி. ஆனா எறங்கல" என்றார். இரண்டு காதிலும் மெல்லிய சத்தங்கள், மேல் ஸ்தாயிச் சத்தங்கள், மோசமாகக் குறைந்திருந்தன. பெண்களின் குரல் எல்லாம் அதில் போய்விட்டது. அம்மா குரல், என் குரல், ஸ்கூட்டிப் பெண் குரல், என் தோழியின் மெதுவான குரல்.

இரண்டு காதுக்கும் கேட்கும் கருவிகளை என் சம்பளத்தில் வாங்கினேன். மூளையைப் படித்தால் எங்கே குந்த வைப்பார்கள் என்று கேட்டவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

முதல் வாரம் பெரும் சண்டை. தையல் மிஷின் இவ்வளவு சத்தம் போடுமா என்றார். குக்கர் விசிலுக்கு எழுந்து நின்றார். தட்டில் கரண்டி படுவது காதைக் கிழிக்கிறது என்று இலை கேட்டார். கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார், அம்மா எடுத்து மறுபடி மாட்டுவார். மூளைக்குப் பல வருடமாக வராத சத்தம் திடீரென்று வந்தால் அது திணறும், எதை வைத்துக்கொள்வது எதைத் தள்ளுவது என்று மறுபடி பழக வேண்டும், பொறு நைனா என்று தினமும் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது.

ஸ்டாண்டுக்கு வெயில் காலத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு போனார். கருவி தெரியக் கூடாதாம். சில நாள் கழித்து ஸ்கூட்டிப் பெண், "தாத்தா, ஒடம்பு சரியில்லயா?" என்று பின்னாலிருந்து கேட்டாள். அப்பா திரும்பி, "நல்லாத்தான் கீறேன்" என்றார். சொன்ன பிறகுதான் அவள் பின்னால் நின்று கேட்டாள் என்பது அவருக்கே உறைத்தது. மப்ளரை அவிழ்த்துச் சைக்கிள் ஹேண்டில்பாரில் போட்டார். அன்று மாலை முதலாளி வந்தபோது அவரே சொல்லிவிட்டார். "எனக்கு மறதி இல்லீங்க. காதுதான். இப்ப போட்டுகினேன்." முதலாளி அவர் காதை எட்டிப் பார்த்து, "எங்க அம்மாக்கும் இது வேணும். எங்க வாங்கனீங்க அண்ணா?" என்றிருக்கிறார். மாதக் கடைசி வந்தது, போனது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சில மாதம் கழித்து வேறு வார்த்தைகள், வேறு படங்களோடு தோழி அப்பாவை மறுபடி சோதித்தாள். இந்த முறை தலை நிமிர்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டாள். வார்த்தைகள் வந்தன. கழித்துக்கொண்டே போனார், லெவல் லெவலாக இறங்குகிற மாதிரி. எல்லாம் முழுதாகச் சரி என்று சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை கடைசி வரை வரவில்லை. அவருடைய வயதுக்கு அது இருக்கலாம், இன்னும் கவனிக்க வேண்டியதாகவும் இருக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்றார் எங்கள் குழுவின் டாக்டர். ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடச் சொன்னார். அப்பா இப்போது அதை மறப்பதில்லை, ஏனென்றால் அம்மா சொல்வது கேட்கிறது.

காது மங்கினால் மூளை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. பாதி கேட்டதை முழுதாக்க அது போடும் உழைப்பு, கேட்டதை நினைவில் வைக்கும் உழைப்பிலிருந்து போகிறது. கேட்காத ஆள் கூட்டத்தைவிட்டு ஒதுங்குகிறார், பேச்சு குறைகிறது, மூளைக்கு வேலை குறைகிறது. வருடக் கணக்கில் இது தொடர்ந்தால் ஞாபகத் தளர்ச்சி வரும் வாய்ப்பும் கூடுகிறது என்று இப்போது பல ஆய்வுகள் சொல்கின்றன. கருவி வைத்தால் அது எல்லாருக்கும் தள்ளிப் போகுமா என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஏற்கெனவே ஆபத்து கூடுதலாக இருப்பவர்களுக்கு உதவலாம் என்று நம்ப இடமிருக்கிறது. இதையெல்லாம் நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊரில் ட்ரில் பிடித்த ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும் என்பதும், அவர்களில் எத்தனை பேரை நாங்கள் மறதிக்காரர்கள் என்று எழுதி வைத்திருக்கிறோம் என்பதும் எந்தப் பரீட்சையிலும் வரவில்லை.

குழுத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், மாமாவின் தாடை உட்பட. அவர் சிரித்து முடித்த பிறகு, சாம்பியன் ரீப்ஸில் பார்த்த எல்லாரையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று முடிவானது. முதலில் காது, சரியான மிஷினோடு. அதன் பிறகுதான் ஞாபகம். இதையே என் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள் என்றார். போன மாதம் பதிவு செய்துவிட்டேன். அத்தையிடம் சொன்னபோது, "இன்னும் படிப்பா?" என்றார். பிறகு மெதுவாக, "எனக்கும் எடது காதுல ஒரு மாதிரி கொய்ங்குது, பாக்கறியா?" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தோம். அம்மா தடித்த நீலத் துணியில் ஒரு திரை தைத்துக் கொடுத்தார். சோதிக்கும் நாற்காலிக்கும் பெஞ்சுக்கும் நடுவில், தரை வரைக்கும் தொங்கவிட்டேன். ஸ்டாண்டுக்கு ஞாயிறு கூட்டம் இல்லை என்பதால் அப்பா வந்து திரைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். இந்த ஆட்களின் வித்தையெல்லாம் தெரிந்த ஆள் ஒருவர் அந்தப் பக்கம் வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன்.

முதலில் உட்கார்ந்தவர் மாமா. ஹெட்போனை மாட்டிவிட்டு மெல்லிய சத்தத்தை வைத்தேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கை தூக்கவில்லை. வெளியே பெஞ்சிலிருந்து யாரோ குத்துமதிப்பாகக் குதிகாலால் தரையைத் தட்டினார்கள். தரை அதிர்ந்தால் மாமாவின் காலில் தெரியும் என்று.

"டேய், தட்டாத" என்றது அப்பாவின் குரல். "எனக்கே கேக்குது."

மாமா பெருமூச்சு விட்டார். நான் சத்தத்தை ஒரு படி கூட்டினேன்.